ஆளை இறக்காத வண்டிகள்

ஓட்டுகிறவன் இல்லாமல் கார் ஓடும் என்று சொன்னால் வேலாங்காட்டில் இப்போது யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வாங்க, வெயிலுக்குக் குடை கொண்டாங்க, கிழக்குக் கரையில உக்காந்தா புழுதி மூஞ்சியில அடிக்காது என்று விவரம் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் வண்டி ஓடிய அன்றைக்கும் அவர்கள் பெரிதாகக் கூச்சல் ஒன்றும் போட்டுவிடவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், பிறகு கால் வலித்ததும் உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வேலாங்காடு சங்ககிரிக்குத் தெற்கே இருக்கிற லாரிக்காரர்கள் ஊர். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை, வெல்டிங் பட்டறை, தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டுகிற பட்டறை என்று ஊரைச் சுற்றி வரிசையாக இருக்கும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏரிக்கரையை ஒட்டி, ஓடி முடிந்த வண்டிகளை உடைத்து இரும்பாக விற்கிற செங்கோடனின் பட்டறை இருக்கும். ஏரியில் தண்ணீர் நின்று பத்தொன்பது வருசம் ஆகியிருந்தது. நடுவில் சீமைக்கருவேலம், ஓரத்தில் வெடித்த வண்டல்மண், அந்த வண்டல்மண் மேல் லாரிகளைத் திருப்பித் திருப்பி வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது.

வண்டி உடைக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் நான்கு கதவையும் திறந்து வைத்து, சீட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அந்த வண்டியைக் கடைசியாக ஓட்டியவன் பேரைச் சொல்லி, 'ஊரு வந்திருச்சு, எறங்குங்க' என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு ஒரு மனுசன் கால் எடுத்து வைத்து இறங்குகிற நேரம் சும்மா நிற்கவேண்டும். பிறகு கதவைச் சாத்தினால் அது வண்டி இல்லை, இரும்பு. இதற்கு ஆளை இறக்குவது என்று பேர். பேர் தெரியாத வண்டிக்கு 'ஐயா' என்று கூப்பிட்டாலும் இறங்கிக்கொள்வார்கள். செங்கோடன் இருபத்தெட்டு வருசத்தில் ஆயிரம் வண்டிக்கு மேல் ஆளை இறக்கியிருக்கிறார். சண்டைக்காரன் வண்டிக்குச் செய்திருக்கிறார், தன்னைச் செருப்பால் அடிக்க வந்தவன் வண்டிக்குக்கூடச் செய்திருக்கிறார். கோபத்தில் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வண்டிக்கு. அது அவருடைய அண்ணன் அர்த்தநாரியின் அம்பாசிடர்.

காரணம் முப்பத்தோரு வருசம் பழையது. அண்ணன்காரன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான், தம்பி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தொழில் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில், ஓடைப் பாலத்தைத் தாண்டுகிற இடத்தில், சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த காளியண்ணன் என்கிற ஆள்மேல் வண்டி ஏறிவிட்டது. அண்ணன்காரன் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய் செங்கோடா, எம் பொண்டாட்டி, உன் நங்கை, மாசமா இருக்கறா. நீ ஓட்டுனேன்னு சொல்லிரு. உனக்குப் புள்ளையா குட்டியா? ஆறே மாசத்துல வெளிய எடுத்துப்போடறேன்." தம்பிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சரி என்று இடம் மாறி உட்கார்ந்தார். ஆறு மாசம் ரெண்டு வருசம் ஆயிற்று. அண்ணன்காரன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜெயிலுக்கு வந்து பார்த்தானா என்றால் இல்லை. வெளியே வந்தபோது ஆளைக் கொன்றவன் என்கிற பேர் அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. பெண் கொடுக்க ஆள் இல்லை, ஸ்டீயரிங்கைத் தொட விட ஆள் இல்லை. ஓட்டத் தெரிந்தவர் உடைக்கப் போனார். ஒரே ஊரில், ஒரே தெருவில், அண்ணனும் தம்பியும் முப்பத்தோரு வருசம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அர்த்தநாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணிக்கு டாக்சி ஸ்டேண்டில் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு செத்துப்போனான். செங்கோடன் இழவுக்குப் போகவில்லை. வாய்க்கரிசி போட வாங்க என்று பங்காளிகள் மூன்று தடவை ஆள் விட்டார்கள், அவர் அந்த மூன்று தடவையும் ஒரே போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அறுபது நாள் கழித்து அந்த அம்பாசிடர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தது. அண்ணி பாவாயி அனுப்பியிருந்தாள். இடது மட்கார்டில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார். அன்றைக்கு மோதி நசுங்கி, பட்டி போட்டு அடைத்த அந்தப் பழைய ஒடுக்கு உள்ளே அப்படியே இருந்தது. வேலையாட்கள் இரண்டு பேர் நாலு கதவையும் திறந்துவிட்டு மஞ்சள் தண்ணியோடு நின்றார்கள்.

"பேரைச் சொல்லுங்ணா," என்றான் ஒருவன்.

"சாத்துங்கடா கதவை."

"இன்னும் ஆளை எறக்கலீங்களே?"

"உள்ளயே கெடக்கட்டும்."

என்ஜினைக் கழற்றி ராசிபுரத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள், கியர்பாக்ஸ் தனியாகப் போயிற்று, ரேடியேட்டர் தனியாகப் போயிற்று. சக்கரமும் சீட்டுமாக வண்டியின் ஓடு மட்டும் மிச்சம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணிக்கு அந்த ஓடு பட்டறைக் கதவைத் தாண்டி, சரிவில் இறங்கி, ஏரிக்குள் போய், என்ஜின் இல்லாத வண்டி என்ஜின் சத்தத்தோடு, லாரித் தடத்தின் மேல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"ஏனுங், அது நம்ம அர்த்தநாரி வண்டியாட்ட இருக்குது?" என்றார் கரையில் நின்ற ஒருவர்.

"வண்டி அதேதான். ஆளைத்தான் காணோம்."

"ஆளுதான் செத்துப்போனானே. அப்பறம் எங்க காணறது."

இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, ஐந்து மணிக்குச் சரிவேறி வந்து, இருந்த இடத்திலேயே நின்றுகொண்டது. டயரில் மண். பானட்டைத் திறந்தால் ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் பெண்கள்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாமித் தேர் வலமாகச் சுற்றும், கொள்ளிக்குடம் எடுத்தவன் இடமாகச் சுற்றுவான். இந்த வண்டி இடமாகச் சுற்றுகிறது. ஆகவே இது இழவுக் காரியம். பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் பார்த்துவிட்டுக் கால் கழுவாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. அடுத்த வாரமே கரையிறக்கத்தில் யாரோ ஒரு சிமெண்டுத் தொட்டி கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கிராம அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். ஏரிக்குள் மாடு கட்டத் தடை இருந்தது, செங்கல் சூளை போடத் தடை இருந்தது, ஆள் இல்லாத கார் ஓட்டத் தடை என்று எந்தத் தாளிலும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் லைசென்ஸ் கேட்க வந்தார், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு சுற்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிலக்கடலை வேகவைத்து விற்கிறவள் வந்தாள், சோடாக்காரர் வந்தார், குடை வாடகைக்கு விடுகிற ஆள் ஈரோட்டிலிருந்து வந்தார்.

பிறகு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பெண்டாட்டி ஒரு பியட் காரோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். "இவரையும் எறக்காம வுட்டுருங்க," என்றாள்.

"அப்படியெல்லாம் செய்யக்கூடாதுங்கம்மா."

"உங்க அண்ணனுக்குச் செஞ்சீங்கல்ல? எங்க வீட்டுக்காரர் என்ன கொறைஞ்சு போயிட்டாரு?"

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு பியட்டும் இறங்கியது. தலைமையாசிரியர் உயிரோடு இருந்தபோது எப்படி ஓட்டினாரோ அப்படியே, மாட்டுவண்டி வேகத்தில், நாலு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர் போட்டு ஓட்டினார். அதற்கடுத்த வாரம் கல்யாண மாருதி வேன் ஒன்று வந்தது, பூ ஒட்டின கோந்து இன்னும் கண்ணாடியில் இருந்தது. அதை ஓட்டியவன் இருபத்தாறு வயசில் காய்ச்சலில் போனவன். அவன் ஒரே சுற்றில் தலைமையாசிரியரை இடதுபக்கமாக உரசி முந்திக்கொண்டு போக, கரையில் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி மானம் போய் அழுதுவிட்டாள். மறுவாரம் வீட்டிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்தாள். அன்றைக்கு பியட் பறந்தது. "கியரை மாத்துங்க! அய்யோ, ரெண்டுலயே ஓட்டறீங்களே, மூணுல போடுங்க!" என்று கரையோரமாகவே அவள் ஓட, அவள் பின்னால் ஜனம் ஓட, வேன்காரனின் தங்கச்சி இந்தப் பக்கமிருந்து "வுட்றாதண்ணா" என்று கத்த, அந்தக் கத்தலில்தான் அது பந்தயமாக மாறியது. யாரும் உட்கார்ந்து யோசித்து ஆரம்பித்தது இல்லை.

ஆனால் ஆரம்பித்தபிறகு அதை நடத்துகிறதுக்கு ஒருவர் வேண்டியிருந்தது, அது செங்கோடன். அவர் கரையை வெட்டிப் படி கட்டினார். திருப்பங்களில் தேய்ந்த டயர்களை மூன்று அடுக்காகச் சுவர் வைத்தார். வண்டிகள் ஒன்றையொன்று மோதுவதால் கதவுகளுக்குள் இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் பிடித்தார், கண்ணாடிகளைக் கழற்றிக் கம்பி வலை கட்டினார், பக்கத்தில் பெரிதாக நம்பர் எழுதினார். பந்தயத்துக்கென்று செய்த வண்டி ஒன்றுகூடக் கிடையாது. சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த சாதா வண்டிகள்தான். உயிரோடு இருக்கிறவர் யாரும் வண்டியில் ஏறக்கூடாது என்பது ஒன்றே சட்டம். திங்கட்கிழமையானால் ஒடுக்கு எடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருசமாக உடைத்தே பழகின கை தட்டிச் சரிசெய்யப் பழகியது. வாசலில் தகரக் கொட்டாய் போட்டு டிக்கெட் கொடுத்தார்கள். மைக்செட் பொன்னுரங்கம் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் பேச வந்தார். எட்டு வண்டி, பிறகு பதினொன்று, பிறகு பதினாறு.

எல்லா வாரமும் ஜெயித்தது அர்த்தநாரி.

அதுதான் செங்கோடனால் தாங்க முடியாமல் போனது. மற்ற வண்டிகள் உரசும், முட்டும், புழுதியில் வழி தப்பும். அம்பாசிடர் மட்டும் உள்வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதன் மேலும் படாமல், எதையும் தன் மேல் பட விடாமல், பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி போகும். பொன்னுரங்கம் குழாயில் உருகுவார். "பாருங்கய்யா அந்தக் கையை! முப்பது வருசம் டாக்சி, ஒரு கீறல் கெடையாது, ஒரு ஆக்சிடெண்டு கெடையாது! ஒரு எறும்பு மேல ஏத்துனது கெடையாதுங்கய்யா நம்ம அர்த்தநாரி அண்ணன்!" ஜனம் கை தட்டும். பானட்டில் மாலை விழும். செங்கோடன் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கொலைகாரன் என்று பேர் வாங்கினவர், தன் கையாலேயே அந்த மாலையைப் போடவேண்டும்.

டயரில் காற்றை இறக்கிவிட்டுப் பார்த்தார். டயரையே கழற்றினார். தடத்தில் ஆணி தூவினார், மற்ற வண்டிகளில் ஐந்து நின்றுபோயிற்று. அம்பாசிடர் ஜெயித்தது.

பாவாயி ஒரு புதன்கிழமை காலையில் பட்டறைக்கு வந்தாள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கை என்பார்கள். அந்தச் சொல்லைச் செங்கோடன் முப்பத்தோரு வருசமாக வாயில் வைக்கவில்லை, அன்றைக்கும் வைக்கவில்லை.

"தம்பி, அவரை எறக்கி வுட்டுருங்க," என்றாள். "ஊரே கை தட்டுது. என்னால பாக்க முடியல. ஓட்டத்தைப் பாருங்க, அது சந்தோசமா ஓடற ஓட்டமில்ல."

"அவன் சொல்லட்டும்."

"என்ன சொல்லோணும்?"

"வண்டி ஓட்டுனது நாந்தான்னு சொல்லட்டும். ஆரன் அடிச்சுச் சொல்லட்டும், லைட்டைப் போட்டுச் சொல்லட்டும், எப்படியோ ஊருக்கு முன்னால சொல்லட்டும். அன்னைக்கி எறக்கறேன்."

பாவாயி கீழே கிடந்த ஒரு பல்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுல பாலு வாங்கி முப்பத்தோரு வருசமாச்சு," என்றாள். "பச்சப்புள்ளைக்குக்கூட மாவுதான் கரைச்சுக் குடுத்தேன். பாலு பொங்கற வாசம் வந்தா அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. என்னன்னு கேட்டா சொல்லமாட்டாரு. சொல்லாமயே எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க?"

"வரக்காப்பி போட்டேன்," என்றாள் பாவாயி. "வேற என்ன பண்ணுவேன்?"

அவள் போனபிறகு அவருக்குக் கோபம் இன்னும் கூடியது. ஆக வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருத்தி வாய் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கரை முழுக்க ஜனம் இருக்கையில், அம்பாசிடர் முதலாவதாக வந்து, பொன்னுரங்கம் எறும்புக் கதையை ஆரம்பித்தபோது, செங்கோடன் போய் மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பால்காரர் காளியண்ணனை அடிச்சது இந்த வண்டி. ஓட்டுனது நானில்ல. இவன். எடம் மாறி உக்காந்து நான் ஜெயிலுக்குப் போனேன். இவன் நல்லவன்னு பேரெடுத்தான்."

 கரையில் யாரோ ஒருவர் சிரித்தார்.

"செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப்போறான்? நல்ல ஆளுய்யா நீ!"

"பொறாமை புடிச்சவன். அண்ணன் ஜெயிக்கறது பொறுக்கல."

"வண்டியைக் கேளுங்கப்பா, வண்டி ஒத்துக்குதான்னு," என்று இன்னொருவர் சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பொன்னுரங்கம் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டு, "போட்டியில இதெல்லாம் சகஜமுங்க" என்று சொல்லி அடுத்த ஓட்டத்துக்கு அழைத்தார். கடலைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

ஜனம் கலைந்து, கால் கழுவிக்கொண்டு போனபிறகு, மதகுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சேலை. அவளை அவர் வாராவாரம் அதே இடத்தில் பார்த்திருக்கிறார், யார் என்று கேட்டதில்லை. பந்தயத்துக்குக் கத்தாத ஒரே ஆள் அவள்தான்.

"இங்க வா," என்றாள். "நான் காளியண்ணன் பொண்டாட்டி. அத்தாயி."

செங்கோடன் கொடியைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருசமாக யாரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ அந்த ஆள். "ஏனுங்கம்மா, நான் சொன்னது கேட்டுச்சுங்களா? சத்தியமா ஓட்டுனது நானில்லீங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரியுங்களா?"

"நான் பாலத்துக்குக் கீழ்க்காட்டுல சோளத்தட்டு அறுத்துட்டு இருந்தேன். நிமிந்தா ரோடு தெரியும். பாத்தேன். அவன் எறங்குனான். முன்னால வந்து பாத்தான். உங்கிட்ட வந்து கையைப் புடிச்சுப் பேசுனான். நீ தலையை ஆட்டுன. அப்பறம் அவன் இந்தப் பக்கம் வந்தான், நீ அந்தப் பக்கம் நகந்து உக்காந்த."

"அப்ப ஏனுங்க கோர்ட்டுல சொல்லல?" என்றார். "ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா என் பொழப்பே வேறயா இருந்திருக்குமே."

"எவன் போனா எனக்கென்ன?" என்றாள் அத்தாயி. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நான் தட்டைப் போட்டுட்டு ஓடியாந்தேன். ரெண்டு காடு தாண்டி, கெணத்து மேட்டைச் சுத்தி ஓடியாரணும். நான் ஓடியாந்து சேர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தீங்க. எம் புருசன் தண்ணி கேட்டாரு. உசிரு இருந்துச்சு. என் மடியில கெடந்துதான் போச்சு. அந்நேரத்துக்கு ஒருத்தன் காலைப் புடிச்சு, ஒருத்தன் தலையைப் புடிச்சு, அந்த வண்டியிலயே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருந்தா? காரு வச்சிருந்தவங்க நீங்க. அந்த ரோட்டுலயே காரு வச்சிருந்தவங்க நீங்க ரெண்டு பேருதான்."

 ஜெயிலில் ரெண்டு வருசம், அதற்குப்பிறகு இருபத்தொன்பது வருசம், அந்தக் காலை நேரத்தைச் செங்கோடன் தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அண்ணன் கையைப் பிடித்தது தெரியும், என்ன சொன்னான் என்று ஒவ்வொரு சொல்லும் தெரியும், எந்தச் சீட்டிலிருந்து எந்தச் சீட்டுக்கு நகர்ந்தோம் என்பது தெரியும். வண்டிக்கு முன்னால் ரோட்டில் கிடந்த ஆளை அவர் ஒரு தடவையும் எடுத்துப் பார்த்ததில்லை.

அவர் நேராக அம்பாசிடரிடம் போனார். நாலு கதவையும் திறந்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "அர்த்தநாரி," என்றார். "ஊரு வந்திருச்சு. எறங்கு." ஒரு மனுசன் இறங்குகிற நேரம் நின்றார். இரண்டு பேர் இறங்குகிற நேரம் நின்றார். கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு அம்பாசிடர் எப்போதும்போல் சரிவில் இறங்கியது, எப்போதும்போல் முன்னால் போனது.

ஓட்டத்துக்கு நடுவில் அவர் மதகுக்கு ஓடினார். "நான் எறக்கிப் பாத்துட்டேங்கம்மா. எறங்கமாட்டேங்கறான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால சொன்னா எறங்கிருவான்."

"நான் எதுக்குச் சொல்றேன்? ஓடட்டும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"எனக்கென்ன தெரியும்." அத்தாயி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "வாராவாரம் வந்து பாக்கறேன். வண்டியில அவன் மட்டுந்தான் போறான். அன்னைக்கி நீங்க ரெண்டு பேரு இருந்தீங்க."

உயிரோடு இருக்கிறவர் ஏறக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். செங்கோடன் கொடியைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்துவிட்டுத் தடத்துக்குள் இறங்கினார். பியட் அவரைப் பார்த்து இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கியது. வேன்காரன் ஆரன் அடித்துக்கொண்டு உரசிப் போனான். கரையில் ஜனம் எழுந்து நின்றது. "யோவ், வெளிய வாய்யா" என்று நாலு பேர் கத்தினார்கள். அம்பாசிடர் வடக்குத் திருப்பத்தை முடித்துக்கொண்டு வந்தது, அவர் பக்கத்தில் வந்ததும் நிற்காமல், ஆனால் ஒரு ஆள் தொற்றி ஏறுகிற அளவுக்குத் தணிந்தது. அவர் இடது கதவைத் திறந்து, முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்தார்.

வெளியிலிருந்து பார்க்கும்போது அது பந்தயமாகத்தான் இருந்தது. உள்ளே அப்படி இல்லை. பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை, ஆனால் ஸ்டீயரிங் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது, ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்கினால் எப்படி நடுங்குமோ அப்படி. ஆக்சிலேட்டர் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. வண்டி தேர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போயிற்று. இத்தனை நாள் தட்டிச் சரிசெய்தும் அவருக்குப் பிடிபடாத சாய்வு அது. பின்பக்கம் எடை இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

பின்சீட்டில் காளியண்ணன் கிடந்தார். கால் கதவுக்கு வெளியே போகாமல் மடக்கி வைத்திருந்தது, தலை ஒவ்வொரு மேட்டிலும் சீட்டுக் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் ஓட்டுகிறவன் ஒருத்தனாகத் தூக்கிப் போட்டிருந்தான், தலையைப் பிடிக்க ஆள் இல்லை. வாய் அசைந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஏரிக்குள் ஆஸ்பத்திரி இல்லை, இருக்கிற ஒரே பாதை வட்டம், அந்த வட்டத்தில் அண்ணன் வாராவாரம் இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான், யார்மேலும் படாமல், எவனையும் குறுக்கே விடாமல்.

குழாயில் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது. கரையில் ஜனம் கை தட்டுகிறதா கத்துகிறதா என்று தெரியவில்லை. மதகைத் தாண்டும்போது வெள்ளைச் சேலை எழுந்து நிற்பது தெரிந்தது.

செங்கோடன் முன்சீட்டைத் தாண்டி, முட்டி இடிக்க, பின்பக்கம் இறங்கி உட்கார்ந்து, அந்தத் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனமாக இருந்தது. சூடாக இருந்தது.

"அண்ணா," என்றார். "உசிரு இருக்குது. இன்னும் வேகமா போ."